ஓட்டைக்குள் மச்சான் வீடு

இயேசு மரி சூசை துணை

வண்ணார்பேட்டை,
12.11.1995, ஞாயிறு.

அன்பும் மரியாதையும் நிறைந்த ரேமண்ட் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை பிலோமினாவின் வீட்டுக்காரன் எட்வின் எழுதிக்கொள்வது. இங்கே மழை நிற்காமல் பெய்கிறது, மற்றபடி யாவரும் சுகம். யாவரும் என்றால் பிலோமினாவும் பிள்ளைகளும். என் சங்கதி கீழே வருகிறது. தூத்துக்குடியில் தாங்களும் ஞானசௌந்தரி அக்காவும் நலமாய் இருக்க, காலையில் பூசையில் வேண்டிக்கொண்டேன். பாதிப் பூசையில் கரண்ட் போய்விட்டது, வேண்டுதல் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.

பாளையங்கோட்டையில் தாங்கள் கட்டப்போகும் வீட்டின் பிளான் எங்கே என்று கேட்டு மூன்று கார்டு போட்டுவிட்டீர்கள். பிளான் எப்போதோ தயார் மச்சான். அக்காதான் சமையலறையை ஆறு தடவை இடம் மாற்றிவிட்டார்கள். மையில் வரைந்த கோட்டை ரப்பரால் அழிக்க முடியாது, பிளேடால்தான் சுரண்ட வேண்டும். ஆறு தடவை சுரண்டியதில் உங்கள் வீட்டுச் சமையலறை இருக்கும் இடத்தில் டிரேசிங் தாள் வெங்காயத்தோல் மாதிரி ஆகிவிட்டது. அதையும் சமாளித்திருப்பேன். அதற்குள் எங்கள் முதலாளி காஜா முகைதீன் பாய் மெட்ராஸ் போய்வந்தார். அங்கே யாரோ அவரிடம், இனிமேல் பிளான் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று ஓதி அனுப்பியிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று ஆபீசில் ஒரே திருவிழா. பாய் பாத்தியா ஓதினார். கணக்கர் சுந்தர்ராமன் அதன் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். புரோகிராம் கற்றுக்கொடுக்க வந்த கிறிஸ்டி என்ற இருபத்துநாலு வயதுப் பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். இத்தனை சாமி சேர்ந்தும் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்து, படத்தின் நடுவே யார் இந்தத் தூணை வைத்தது என்று இருபது நிமிடம் அதை அழிக்கப் பார்த்தேன். கடைசியில் கிறிஸ்டி கைக்குட்டையால் துடைத்துவிட்டு, “அது குங்குமம் சார்” என்றாள். நாற்பத்தெட்டு வயதில் கேட்கவேண்டிய வார்த்தையா இது.

அதுவாவது பரவாயில்லை. எங்கள் தொழிலில் ஒன்றுக்கு நூறு என்று ஓர் அளவு உண்டு. நிலத்தில் நூறு அடி என்றால் தாளில் ஒரு அடி. இருபத்திரண்டு வருடமாய் எந்த அளவைப் பார்த்தாலும் என் மண்டை அதை நூறால் வகுத்துவிட்டுத்தான் கைக்குச் சொல்லும். கல்யாணத்துக்கு முன் பிலோமினாவின் உயரத்தைக் கேட்டபோதுகூட மனசுக்குள் வகுத்துத்தான் பார்த்தேன். அதே பழக்கத்தில் கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு சுவரையும் நூறால் வகுத்து, வகுத்து, ஒன்பது நாள் உட்கார்ந்து உங்கள் வீட்டை முடித்தேன். கண்ணாடியில் பார்த்தால் அரண்மனை. பாயைக் கூப்பிட்டு நிறுத்திவைத்து, படம் போடும் மெஷினில் கம்பெனிப் பெயர் அச்சடித்த பெரிய தாளை மாட்டினோம். என்ன அளவில் போட வேண்டும் என்று மெஷின் கேட்டது. நான் பெருமையாக ஒன்றுக்கு நூறு என்று அடித்தேன்.

மெஷினின் பேனா சரசரவென்று தாளின் நடுவுக்கு வந்தது. அங்கேயே நின்று நடுங்க ஆரம்பித்தது. சுரம் கண்டவன் மாதிரி அரைமணி நேரம் அதே இடத்தில் நடுங்கியது. உங்கள் பன்னிரண்டு படி, எட்டு ஜன்னல், அக்காவின் சமையலறை எல்லாவற்றையும் அது ஒழுங்காகத்தான் வரைந்திருக்கிறது, ஒரு கடுகு அளவு இடத்துக்குள். முடிந்தபோது தாளில் ஓட்டை விழுந்திருந்தது. பாய் தாளை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகப் பார்த்தார்.

“எட்வினு, இது வழியா பார்த்தா எனக்கு சந்திப்புக்குப் போற பஸ்ஸு தெரியுது. வீடு எங்கன வே?”

“அந்த ஓட்டைதான் பாய்” என்றேன். வேறு என்ன சொல்ல.

கிறிஸ்டிதான் விளக்கினாள். “நீங்க எதுக்கு சார் வகுக்கீங்க? நாப்பது அடி வீட்ட நாப்பது அடின்னே அடிக்கணும். சின்னதாக்குத வேலைய அது பார்த்துக்கிடும். நீங்களும் வகுத்து, அதுவும் வகுத்துட்டு.”

“நாப்பதடி வீட்ட இந்த டப்பாக்குள்ள எப்படிம்மா போடுவ?”

“அதுக்குள்ள திருநெல்வேலியவே போடலாம் சார்.”

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். பாய் மட்டும் பைய என் தோளில் கைவைத்து, “புதன்கிழமைக்குள்ள ஒரு பிளான் இதுல போட்டுக் காட்டும். இல்லாட்டி நீரு முக்கூடல் சைட்டுக்குப் போயிரும் வே. பீடிக் கிட்டங்கி கட்டுதோம்லா, அங்கன செங்கல் பார்க்க ஆளில்ல” என்றார். மச்சான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அன்றைக்கு ஆபீஸ் கக்கூசில் போய் நின்று அழுதேன். இந்த ஜில்லாவில் நான் போட்ட கோட்டின் மேல் எத்தனை சுவர் நிற்கிறது. என்னைக் கொண்டுபோய்ச் செங்கலுக்குக் காவல் வைக்கிறேன் என்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

மறுபடியும் முதலிலிருந்து, வகுக்காமல், வாய்விட்டு “நாப்பது, நாப்பது” என்று சொல்லிக்கொண்டே வரைந்தேன். மூன்று நாள். நேற்றுச் சனிக்கிழமை கடைசி ஜன்னலை வைக்கும்போது இடி இடித்தது, கரண்ட் போயிற்று, வீடும் போயிற்று. கடைக்கால் முதல் மொட்டைமாடி வரை ஒரு செங்கல் மிச்சமில்லை. நான் செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே ஒரே ஒரு விண்ணப்பம். வீட்டுக்குச் சொந்தக்காரர் தாங்கள். பாய்க்கு ஒரு கடிதம் போட்டு, “என் வீட்டுப் பிளானைக் கையால் வரைந்தால்தான் வாங்குவேன், கம்ப்யூட்டர் பிளானில் குடியேற எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை” என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். என் நாற்காலி இப்போது தங்கள் கையில் இருக்கிறது. இந்த ஒரு உதவியைச் செய்தால், அக்கா ஏழாவது தடவை சமையலறையை மாற்றினாலும் முகம் கோணாமல் பிளேடை எடுப்பேன்.

அக்காவுக்கு என் பணிவான தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தம். பனிமய மாதா தங்கள் குடும்பத்தைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். ஓர் ஓரத்தில் எனக்கும் இடம் ஒதுக்கட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
எட்வின்

பின்குறிப்பு (செவ்வாய்): பாய்க்குக் கடிதம் போட்டுவிடாதீர்கள். நேற்றுக் காலை செருப்பை எடுக்கத்தான் ஆபீசுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிறிஸ்டி என் வேலையை ஒரு பிளாப்பியில் எடுத்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாளாம். போனது சனிக்கிழமை வேலை மட்டுமே, அதை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து, அக்காவிடமிருந்து இன்லாண்டு வந்திருக்கிறது என்று பிலோமினா ஆபீசுக்கே தூக்கிக்கொண்டு வந்தாள். சமையலறை கிழக்கே போக வேண்டுமாம். ஏழாவது தடவை. கை தானாகப் பிளேடைத் தேடியது. கிறிஸ்டி சொன்னபடி சமையலறையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு அப்படியே கிழக்கே இழுத்தேன், மச்சான், அடுப்பு மேடையோடு வந்தது. தப்பாகப் போனால் யூ என்ற எழுத்தைத் தட்டினால் போதும், செய்தது செய்யாததாகிவிடுகிறது. பாய் தாளைப் பார்த்து, “இப்ப வீடு தெரியுது வே” என்றார். முக்கூடலுக்கு வேறு ஆள் போகிறான். என் பழைய டிராயிங் மேஜையைப் பிலோமினா வடகம் காயப்போடக் கேட்டிருக்கிறாள், கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்துக்கு யூ கிடையாது, நாலு பக்கம் எழுதியதைக் கிழிக்கவும் மனமில்லை. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அக்கா கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது. சமையலறையை மாற்ற நாலே நிமிடம்தான், அதிலும் மூன்று நிமிடம் நான் மூக்குக்கண்ணாடி தேடியது என்று தெரிந்தால், அந்த வீட்டுக்கு நாம் கடைக்கால் தோண்டவே போவதில்லை.