இடப்பக்கம் மணி, வலப்பக்கம் குரல்

"நான் தமாலே விக்க வந்தேனா, ஊர்க்குப்பை அள்ள வந்தேனாடா மச்சான்?"

மக்காரியோவின் வண்டியைச் சூழ்ந்து, தெருவின் இடப்பக்கத்து வீட்டார் அனைவரும் குப்பைப் பைகளோடு நின்றிருந்தனர். வண்டிக்குள் மடிக்கணினியும் கையுமாக அமர்ந்திருந்த எலெயுத்தேரியோ அதிர்ந்துபோனான். சோளமடலில் அவித்த தமாலேக்கென அவன் தொகுத்த விளம்பர ஒலியில், அழைக்கும் குரல் வலப்பக்க ஒலிபெருக்கிக்கும் மணியோசை இடப்பக்கத்துக்கும் போயிருந்தன. மெஹிக்கோ நகரத் தெருவில் வெறும் மணி ஒலித்தால் வருவது குப்பை வண்டி. அந்நகரிலேயே பிறந்த ஒருவன் இதை மறப்பது மன்னிக்கத்தக்க பிழையன்று.

"அத்தான், ரெண்டு காதுக்கும் வேற வேற ஒலி குடுத்தாத்தான் கலை..."

"கலையாவது கத்திரிக்காயாவது! இன்னைக்கு இந்த அண்டா காலியாகலன்னா மாடி ரூமை நீ காலி பண்றே. உங்கக்கா அழுதாலும் சரி."

ஒலிக்கருவிகளோடு அவன் குடியிருந்ததே அந்த அறையில்தான். பதறிப்போய் மணியை நீக்கினான்; அதனிடத்தில் ஒரு குழலோசையை வைத்துச் சுருதியை உயர்த்தி ஒலிக்கவிட்டான்.

தெருவே கத்தியும் கத்தரிக்கோலுமாகத் திரண்டது.

"சாணைக்காரர் எங்கப்பா?" என்றார், மூன்று சவரக்கத்திகளோடு முன்வந்த முடிதிருத்துநர் தோன் பிரிமித்திவோ. "அவர் குழல் கேட்டுச்சே!"

"சாணை இல்லீங்கய்யா. தமாலே இருக்கு, சூடா..." என்று இழுத்தான் மக்காரியோ.

"தமாலேயை வெச்சு முகம் வழிக்கவா? போடா!"

எலெயுத்தேரியோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீண்டும் குனிந்தான். குழலின் சுருதியைத் தாழ்த்தி நீட்டினான். ஒலியை இடமிருந்து வலமாக ஊசலாடவிட்டான். ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றினான். ஹெட்போனைக் கழற்றிப் பொத்தானை அழுத்தினான்.

தெரு ஓலமிட்டது. நகரத் தெருக்கம்பங்களில் அலறும் நிலநடுக்க எச்சரிக்கை ஒலியேதான்!

ஈரத்தலையோடும் சோப்பு நுரையோடும் மக்கள் வெளியே பாய்ந்தனர். அவன் ஒலியளவைச் சுழியத்துக்கு இறக்கினான், ஓலம் அடங்கவில்லை. கணினியும் கைவிட்டதென எண்ணி வண்டியிலிருந்து குதித்தான்.

"என் தப்புங்க! நிலநடுக்கம் இல்ல, தமாலே விளம்பரம்! எல்லாரும் உள்ளே போங்க!"

"பாவி! இவனைச் செருப்பால அடிக்கணும்!" என்று குழந்தையை இடுப்பில் ஏற்றியபடி ஒருத்தி தன் வாசற்படியை நோக்கித் திரும்பினாள். மற்றவர்களும் திட்டிக்கொண்டே திரும்பினர்.

"இன்னைக்கே மூட்டையைக் கட்டுடா!" என்று பல்லைக் கடித்தான் மக்காரியோ.

பாதி மழித்த முகத்தோடிருந்த வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டு ஓடிவந்த பிரிமித்திவோ, நடுத்தெருவில் நின்று அலறினார்:

"யாரும் உள்ளே போகாதீங்க! இவன் ஸ்பீக்கர் வயரை நான் அப்பவே பிடுங்கிட்டேன்!"