ஒரே ஒரு அத்திப்பழம்

"என்னை எப்ப சார் நிரந்தரம் பண்ணுவீங்க?"

கேட்டே விட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே எழுத்தர் அவளை ஓரமாக அழைத்து எச்சரித்திருந்தார். "இங்க லீவு கேளு, குடை கேளு, எது வேணும்னாலும் கேளு. இதை மட்டும் கேட்டுடாதே. கேட்டவங்க யாரும் இப்ப இங்க இல்லை."

இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். மூட்டை தூக்கும் அப்பா, தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு ஆபீசர்" என்று சொல்லி வைத்திருந்தார். ஆபீசரின் அடையாள அட்டையிலோ 'தற்காலிகம்' என்று சிவப்பு முத்திரை.

மேற்பார்வையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஜன்னலைக் காட்டினார்.

வருடத்தில் எட்டு மாதம் மழையும் மீதி நான்கு மாதம் தூறலுமாக இருக்கும் அந்த மலையில் சீமை அத்தி பழுக்குமா என்று ஆராயத்தான் அந்த நிலையமே இருந்தது. சுவரோரம் ஏழு வயது மரம். யானைக் காது மாதிரி இலை. நடுவில் பச்சையாகப் பதினோரு காய்கள். இதுவரை ஒன்றுகூடப் பழுத்ததில்லை.

"அடுத்த மாசம் மேலிடத்துலேர்ந்து பார்க்க வர்றாங்க. அன்னிக்கு அந்த மரத்துல ஒரே ஒரு பழம் பழுத்திருக்கட்டும். அப்புறம் கேளு."

"அவ்வளவுதானே? அப்ப முதல்ல நீங்க உரம் போடறதை நிறுத்துங்க."

அவர் முகம் சுருங்கியது. வாராவாரம் சாணிக் கரைசலும் யூரியாவும் மழையில் நனைந்தபடி தன் கையாலேயே ஊற்றுகிறவர் அவர்.

"குழந்தை மாதிரி ஊட்டி வளர்க்கிறேம்மா."

"அதான் சார் குழந்தை இலையா விட்டுட்டு இருக்கு. அத்திக்கு வேரைச் சுருக்கணும். தின்னுட்டே இருந்தா காய்க்கணும்னு அதுக்கு ஏன் தோணப் போகுது?"

"புஸ்தகத்துல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. உரம் போட்டா இலை, வேரைக் கட்டினா காய். என் பரீட்சையில இதுக்கு அஞ்சு மார்க்."

அன்றே மண்வெட்டியை எடுத்தாள். மரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, வேர் ஓடாமல் கற்பலகைகளை இறக்கினாள். மறுநாள் மழை கொட்டியது. மரம் குளத்துக்கு நடுவே நின்றது.

தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினாள். வாய்க்கால் நேராகக் கிடங்குக்குள் போனது. அங்கே அடுக்கியிருந்த யூரியா மூட்டைகள் கரைந்தன. கிடங்குத் தரை நிறைந்ததும், கரைசல் வந்த வழியே திரும்பி மரத்தடிக்கு வந்து சேர்ந்தது.

"நான் வாரத்துக்கு ஒரு வாளி ஊத்தினேன்," என்றார் மேற்பார்வையாளர் சாந்தமாக. "நீ மூட்டைக் கணக்குல ஊத்திட்டே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கெட் பக்கெட்டாக இறைத்துக் கொட்டினாள். இனி ஒரு சொட்டு மழைகூட உள்ளே போகக் கூடாது என்று மூங்கில் நட்டு, மரத்தைச் சுற்றிலும் மேலேயும் பாலிதீன் தாள் கட்டினாள்.

இது பலித்தது. கூடாரத்துக்குள் கதகதவென்று சூடு ஏறியது. காய்கள் மெல்ல உப்ப ஆரம்பித்தன.

ஆனால் அந்த மலையிலேயே சூடான இடம் அது ஒன்றுதான் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. முதலில் எழுத்தர் தன் காலுறைகளைக் கிளையில் மாட்டினார். பிறகு தட்டச்சு செய்கிற அக்கா குழந்தையின் ஸ்வெட்டர்களைக் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் எழுத்தர் மேசை நாற்காலியோடு உள்ளே குடியேறிவிட்டார்.

"அண்ணே, இது ஆராய்ச்சி மரம். கொடிக்கம்பி இல்லை."

"கதகதன்னு காயுதும்மா. மரத்துக்கு இதுல என்ன குறைஞ்சுபோச்சு?"

காய்தான் குறைந்துபோயிற்று. ஈர மழைக்கோட்டை யாரோ வீசி மாட்டியதில் நான்கு உதிர்ந்தன. ஸ்வெட்டரை இழுத்ததில் மூன்று. 'இங்கே துணி காயப்போடாதீர்கள்' என்று பலகை எழுதி நட்டாள். மத்தியானம் போய்ப் பார்த்தால் பலகையின் மேல் ஒரு லுங்கி.

லுங்கியைச் சுருட்டி மழையில் எறிந்தாள். நாற்காலியையும் எறிந்தாள். எழுத்தர் எழுந்திருக்கத் தாமதித்திருந்தால் அவரும் போயிருப்பார். கூடாரத்தின் வாயிலில் மண்வெட்டியோடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பகலெல்லாம் காவல். ஒருவரும் கிட்டே வரவில்லை.

மிச்சமிருந்த நாலில் மூன்றை, பாலிதீன் கிழிசல் வழியாக நுழைந்த பறவை கொத்தியது. ஒன்று தப்பியது. தப்பியது பழுத்தது. கருநீலமாகி, கழுத்து தொய்ந்து, அடியில் ஒரு துளி தேன் துளிர்த்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அழுகை வந்தது. அழுகிற வழக்கம் இல்லாததால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. மேலதிகாரி கூடாரத்தின் வாயிலில் குடைக்குள்ளிருந்தபடியே மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பழம் எங்கே?"

கிளையில் பழம் இல்லை. அவள் இலைகளை விலக்கித் தேடினாள். மேற்பார்வையாளர் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஜாம் மாதிரி ஏதோ இருந்தது.

"பறவை கொத்திடுமோன்னு பயமா இருந்துச்சு சார். விடியறதுக்கு முன்னாடியே வந்து பறிச்சுப் பத்திரமா வச்சேன். வழுக்கி விழுந்துட்டேன்."

மேலதிகாரி கைக்குட்டையை முகர்ந்தார். "இது இந்த மரத்துலதான் பழுத்ததுன்னு என்ன அத்தாட்சி?"

"நான் பார்த்தேன் சார்!" என்றாள் அவள்.

"நீ யாரு?"

"பட்டதாரி."

"அதைக் கேக்கலை. நிரந்தரமா?"

அவள் வாய் திறப்பதற்குள் அவர் ஜீப்பை நோக்கித் திரும்பியிருந்தார். "பழத்தை மரத்துல பார்க்கணும். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

ஜீப் போனதும் அவள் ஒரு வெள்ளைத்தாளில் ராஜினாமாவை இரண்டே வரியில் எழுதி மேற்பார்வையாளரின் மேசையில் வைத்தாள்.

"ஒரு வருஷம் பொறுத்துக்கோம்மா," என்றார் அவர். தாளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்த தடவை பறிக்க மாட்டேன்."

"நீங்க பொறுங்க சார். மெத்தை போட்ட நாற்காலி, தனி அறை. உங்களுக்குப் பொறுக்கறது சுலபம். ரெண்டு வருஷமா என் உழைப்பை எடுத்தீங்க. கடைசியில அந்த ஒரு பழத்தையும் பையில போட்டுக்கிட்டீங்க. எங்க அப்பா மூட்டை தூக்கிப் படிக்க வச்சது உங்க கைக்குட்டையைத் துவைக்கறதுக்கு இல்லை."

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். வாய் திறந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை கொடுத்திருப்பாள். அந்த வாய்ப்பையும் அவர் தரவில்லை என்பது அவளை இன்னும் எரித்தது.

பையை மாட்டிக்கொண்டு விடுவிடென்று நடந்தாள். காவலாளி பெரிய கேட்டைத் திறந்துவிட்டார். "என்ன பாப்பா, நெசமாவே போறியா?"

"போறேன். உங்க ஐயாவையே அந்த மரத்தைக் கட்டிக்கிட்டு அழச் சொல்லுங்க."

கேட்டைத் தாண்டிச் சாலையில் இறங்கிவிட்டாள். குடையை விரித்தாள். திரும்பிப் பார்க்கிற உத்தேசம் இல்லை.

"அவரைத் திட்டாத பாப்பா," என்றார் காவலாளி கேட்டைச் சாத்திக்கொண்டே. "ஒரே ஒரு பழம் பழுக்கட்டும், உன்னை நிரந்தரம் பண்றோம்னு சொல்லித்தான் ஏழு வருஷத்துக்கு முன்னாடி அவர் கையில அந்த அத்திக் கன்னைக் குடுத்தாங்க."