ஏனக்காவும் எட்டரை மணிக் கதவும்

மலேசியாவின் மாசாய் ஊரில் ஏனக்காவிடம் மாட்டித் தலையைப் பிய்த்துக்கொள்ளாத ஒரே ஜீவன் கிளினிக் வாசலில் நிற்கும் மரம்தான். அதனிடமும் "நீ ஏன் ரோட்டுப் பக்கமாவே சாஞ்சிருக்க?" என்று அவர் கேட்டதாகப் பேச்சு உண்டு.

அவருடைய உண்மைப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வாளர். ஐம்பது வயது, பழைய மோட்டார் சைக்கிள், பின்னால் கட்டிய மடக்கு நாற்காலி. ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையிடம், "ஏன் இந்தப் பொண்ணு?" என்று கேட்டுத் தொலைத்தார். அந்த மடையன் யோசிக்க ஆரம்பித்துவிட்டான். பெண் வீட்டாரைச் சமாதானப்படுத்துவதற்குள் பாயசம் ஆறிப்போனது.

நான் அந்த அரசாங்க கிளினிக்கில் கவுண்டர் குமாஸ்தா. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோயாளிகளுக்கான புதன்கிழமை சிகிச்சைக்கு ஆளே இல்லை. "இந்த ஆளுங்களுக்கு உடம்பு மேல அக்கறை கிடையாது" என்று மேலிடத்தில் சொல்லி, அதை ஜோகூர் பாருவுக்கு மாற்றப் பார்த்தார்கள். மாதக் கடைசிக் கூட்டத்தில் முடிவு. நானும் தலையாட்டினேன், ஆனால் மனசு ஒப்பவில்லை.

காரணம் என் அண்ணன். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். காலில் ஆறாத புண். இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அவன் கார்டில் 'வரவில்லை', 'வரவில்லை' என்று வரிசையாக எழுதியவன் நானே. பக்கத்தில் இருக்கும்போதே வராதவன் ஜோகூர் பாருவுக்கா போவான்? "ஏண்ணே என் மானத்தை வாங்குற?" என்று வீட்டில் கத்துவேன். "அடுத்த வாரம் பார்க்கலாம்டா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

இந்த லட்சணத்தில்தான் ஏனக்கா வந்து கவுண்டரில் முழங்கையை ஊன்றினார்.

"தம்பி, நம்பர் கொடுக்கிறதை எட்டரைக்கு ஏன் நிறுத்துறீங்க?"

"ரூல்ஸ்க்கா."

"ஏன் அந்த ரூல்ஸ்?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் வச்சது."

"அவர் ஏன் வச்சாரு?"

"அலமாக்! அவர் எட்டரைக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போவாரு லா!"

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குப் பகீரென்றது. ரொட்டி தின்றவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், ரூல்ஸைக் கட்டி அழுதவன் நான். எட்டரைக்கு மேல் ஈ, எறும்பைக்கூட விடாதே என்று வாசல் காவலாளி மணிக்குச் சொல்லிவைத்தவனும் நான்.

மறு புதனிலிருந்து மரத்தடியில் நாற்காலியை விரித்து உட்கார்ந்துவிட்டார். மணி திருப்பி அனுப்பும் ஒவ்வொருவரிடமும் ஏன், ஏன், ஏன். ஒரு நாள் தொழிற்சாலை பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. கிளினிக்தானே, உடனே அளந்தும் பார்த்தார்கள். போச்சு, என்னை எங்கோ கடலோரத்து மெர்சிங்குக்குத் தூக்கி அடிக்கப் போகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கூட்ட நாள். மேசையின் தலைப்பக்கம் மாவட்ட அதிகாரியான மலாய்க்கார டாக்டரம்மா. ஏசியிலும் எனக்கு முதுகு நனைந்தது. ஏனக்கா நோட்டைத் திறந்தார்.

"அக்கறை இல்லாம இல்ல. வேலை முடிஞ்சு வர்ற பஸ் எட்டே முக்காலுக்கு வருது. கதவு எட்டரைக்கே மூடிடுது. வந்தவங்களைத்தான் வரலன்னு எழுதியிருக்கு."

திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏன் முறையிடவில்லை என்பதற்கான பதில்களைப் பெயர் சொல்லாமல் மலாயில் படித்துக்கொண்டே போனார். ஒன்றை மட்டும் முதலில் தமிழில், சொன்னவர் சொன்னபடியே படித்தார்.

"மூணு புதன் வந்தேன்மா. உள்ள கவுண்டர்ல என் தம்பி. கேட்டா அவன் வேலைக்குத்தான் சங்கடம். அதான் பேசாம திரும்பிட்டேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிய அந்த முதுகு என் கண்முன் வந்தது.

டாக்டரம்மா கேட்டார். "கதவை மூடச் சொன்னது யார்?"

ஏனக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "ஆள் முக்கியமில்ல டாக்டர். நேரத்தை மாத்துங்க."

என்னையறியாமல் எழுந்து நின்றேன். "நான்தான் டாக்டர்."

"கெனாப்பா?" என்றார் டாக்டரம்மா. ஆக, அவரும் ஏன் என்றுதான் கேட்டார். நான் ரொட்டி சானாயை மறைக்காமல் சொன்னேன். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

சிகிச்சை மாசாயிலேயே தொடர்ந்தது. கதவு பதினொரு மணிவரை திறந்திருக்கிறது, சாயங்காலமும் ஒரு நேரம் உண்டு. மாவட்டத்து மற்ற கிளினிக்குகளிலும் பஸ் நேரத்தை விசாரிக்கச் சொல்லி உத்தரவு போனது. அண்ணனுக்குச் சுண்டுவிரல் போய்விட்டது, கால் தப்பியது. புது நேரத்தின் முதல் நம்பரை நானே அவன் கையில் கொடுத்தேன். "எட்டே முக்கால்டா, பரவாயில்லையா?" என்று நக்கலடித்தான் பாவி.

மெர்சிங்குக்குப் போனது ஏனக்காதான். அங்கே மீனவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அவசரத்தில் மடக்கு நாற்காலியை மரத்தடியில் விட்டுவிட்டார். ஒரு கால் துருப்பிடித்துவிட்டது. தினமும் காலையில் நான்தான் துடைத்து வைக்கிறேன்.

"இதை ஏன் சார் இன்னும் வச்சிருக்கீங்க?" என்று மணி நேற்றுக் கேட்டான்.

"அக்கா வந்தா எங்கடா உட்காருவாங்க?" என்றேன்.