சின்ன நாரை படத்துக்குத் தேவையா?

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களே. காலை நீட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. வானத்தில் பறக்கிற வீரனுக்குப் பின்னால் ஓடிய ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

சினிமா எடுக்கிற பர்பாங்க் ஊரில், ஒரு ஸ்டுடியோவின் சின்னத் திரையரங்கில் படம் ஓடி முடிந்து விளக்கைப் போட்டார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. 'வெண்கல நாரை' படத்துக்குக் கதை எழுதிய ரோன்டா பிலார்ஸ்கி, தயாரிப்பாளர் லாண்டவின் முகத்தைப் பார்த்தாள். லாண்டவ் தன் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளைக்கு அம்மா அப்பா யாரும் இல்லையா?" என்றாள் மனைவி.

"இல்ல. அதனாலதான் நாரை எடுத்து வளர்க்கிறாரு" என்றாள் ரோன்டா.

"வளர்க்கிற லட்சணமா இது? பனி கொட்டுது. அரை டிரவுசரோட பிள்ளையை மொட்டை மாடியிலருந்து குதிக்கச் சொல்றாரு. துப்பாக்கிக்காரன் முன்னால நிக்க வைக்கிறாரு. யாருக்காவது போன் பண்ணி புகார் சொல்லலாமான்னு இருந்தது எனக்கு."

சித்திரக் கதைப் புத்தகத்தில், ரோன்டா பிறப்பதற்கு முன்பிருந்தே வெண்கல நாரையும் அவருக்குத் துணையான பையன் சின்ன நாரையும் ஒன்றாகத்தான் பறந்துகொண்டிருந்தார்கள். காகிதத்தில் வரைந்த பையனுக்குக் குளிராது. ஆனால் படத்தில் நின்றவன் எமெட் என்ற நிஜப் பையன். அவன் முழங்காலில் மயிர் குத்திட்டு நிற்பது திரை முழுக்கத் தெரிந்தது.

வெண்கல நாரையாக நடித்த டெக்ஸ்டர் ஹாம் எழுந்து சோம்பல் முறித்தார்.

"நான் முதல் நாளே சொன்னேன். புத்தகத்துல சரி, படத்துல எடுபடாது. பையன் பக்கத்துல நின்னா நான் வீரன் மாதிரியா இருக்கேன்? ஸ்கூல் பஸ்ல ஏத்திவிட வந்தவன் மாதிரி இருக்கேன். வெட்டி எறிங்க."

"ஒரு வாய்ப்பு குடுங்க. சில காட்சிகளை மாத்தி எடுக்கலாம்" என்று லாண்டவிடம் கெஞ்சினாள் ரோன்டா.

"தர்றேன். அப்புறம் வெளி ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டுவோம். துணை வேணாம்னு அவங்க சொல்லிட்டா வெட்டிடுவேன். அதுக்குமேல பேச்சு கிடையாது."

வெளியே எமெட் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். படத்தில் நடிப்பதை வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். ஒரு வருடமாக அவன் அம்மா வேலைக்கு நடுவே அவனைப் படப்பிடிப்புக்கு ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"மிஸ் ரோன்டா, என்னை எடுத்துடுவாங்களா?"

"நான் இருக்கிற வரைக்கும் விடமாட்டேன்டா."

சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவளுக்குத் தூக்கம் இல்லை.

முதலில் பையனின் வயதைக் கூட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. முகம் மழித்த ஒரு வாலிபனை ஹாமுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு காட்சி எடுத்துப் பார்த்தார்கள். உலகைக் காக்கிறவர்களாகத் தெரியவில்லை. வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு ஆண்கள் மாதிரி இருந்தது. எமெட்டையே திரும்பக் கூப்பிட்டார்கள்.

அரை டிரவுசர் போய் முழு டிரவுசர் வந்தது. ஹெல்மெட், முழங்கால் பட்டை, ஆற்றங்கரைச் சண்டைக்கு மிதவைச் சட்டை எல்லாம் வந்தன. பொறுப்புள்ள பெரியவர் என்றால் அவர்தானே மாட்டிவிட வேண்டும்? ஆகவே ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் வெண்கல நாரை மண்டியிட்டுப் பையனின் தாடைக்கடியில் வாரை இறுக்கினார்.

"வில்லன் அங்க வங்கியைக் கொளுத்துறான். நான் இங்க பக்கிள் மாட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார் ஹாம்.

"கொஞ்சம் லூசா விடுங்க, கழுத்து இறுக்குது" என்றான் எமெட்.

அடுத்த சிக்கல், இத்தனை அக்கறையுள்ளவர் பிள்ளையைச் சண்டைக்கு ஏன் கூட்டிப் போகிறார் என்பது. ரோன்டா அதையும் மாற்றி எழுதினாள். இனி அவர் கூட்டிப் போகமாட்டார். "நீ வரக்கூடாது, வீட்டுப்பாடத்தை முடி" என்பார். பையன் சொல் கேளாமல் ஜன்னல் வழியே பறந்துவிடுவான். இப்போது குற்றம் பெரியவர்மேல் இல்லை.

ஆனால் அதனால் எல்லா இடத்துக்கும் பையன் முதலில் போய்ச் சேர்ந்தான். வெண்கல நாரை இறக்கையைப் படபடத்துக்கொண்டு, மூச்சு வாங்க, பின்னால் வந்தார்.

"நான் வர்றதுக்குள்ள பாதிச் சண்டை முடிஞ்சிருது" என்றார் ஹாம்.

"மீதிப் பாதி உங்களுக்குத்தானே" என்றாள் ரோன்டா.

அந்த மீதிப் பாதிக்கும் ஆபத்து வந்தது. படப்பிடிப்பில் பிள்ளைகள் நடித்தால் கூடவே ஓர் ஆசிரியை இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. பாடம் சொல்லிக் கொடுப்பதும் அவர் வேலை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. திருமதி ஓகாம்போ மடக்கு நாற்காலியைக் கேமராவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருப்பார். சண்டைக்காரர்கள் கழியோடு வந்ததும் எழுந்தார்.

"பையனை அடிக்கிற மாதிரி கை ஓங்கக் கூடாது."

"அடிக்க மாட்டாங்கம்மா, நடிப்புதான்" என்றாள் ரோன்டா.

"நடிப்புக்கும் ஓங்கக் கூடாது. கால் இடறினா யார் பொறுப்பு? அந்தப் பெரிய மனுஷரை அடிங்க. அவருக்கு நான் பொறுப்பில்லை."

அப்படியே எடுத்தார்கள். ரவுடிகள் எமெட்டைக் கண்டால் ஒதுங்கினார்கள். அவன் காலைத் தூக்கினால் தாங்களே சுருண்டு விழுந்தார்கள். விழுந்தவர்கள் எழுந்து ஹாமைப் போட்டுச் சாத்தினார்கள். எமெட் போய்க் கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டான்.

"எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கல" என்றார் ஹாம், நீண்ட அலகு வைத்த நாரைத் தொப்பியில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி.

"அலகு வளைஞ்சிருக்கு சார்" என்று எமெட் அதை நிமிர்த்திவிட்டான்.

எமெட்டுக்கு அனுமதித்த நேரமும் குறைவு. முக்கியமான காட்சிக்கு நடுவே திருமதி ஓகாம்போ கடிகாரத்தைப் பார்ப்பார். "வா கண்ணா, பின்னக் கணக்கு பாக்கி இருக்கு" என்று ஹெல்மெட்டோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால் பையன் இருக்கும்போதே அவன் முகத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்துவிடுவோம், ஹாமின் முகத்தைப் பிறகு எடுப்போம் என்று முடிவானது. பிறகு என்று வந்தபோது ஹாம் கோபித்துக்கொண்டு தான் ஓய்வெடுக்கும் வண்டிக்குப் போய்விட்டிருந்தார். ஹாமின் உடையை வேறொருவருக்கு மாட்டி, முதுகுப் பக்கமாக எடுத்து முடித்தார்கள்.

"என் முகம் எங்க?" என்று பிற்பாடு கேட்டார் ஹாம்.

"முகமூடிதானே போட்டிருக்கீங்க. முதுகுலயே நல்ல உணர்ச்சி இருக்கு" என்றாள் ரோன்டா. பொய்தான். வேறு என்ன சொல்வாள், பாவம்.

வெளி ஆட்களுக்குப் போட்டுக் காட்டும் நாள் வந்தது. கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு இலவசச் சீட்டுக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். செய்தி கசிந்துவிடும் என்று படத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பெயர் அட்டையும் இல்லை, போஸ்டரும் இல்லை. விளக்கு அணைந்ததும் நேராகக் கதை ஓடியது.

ரோன்டா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் லாண்டவ். மறுபக்கம் தொப்பியைக் கண்வரை இறக்கிய ஹாம். வாசலில், அம்மாவின் காருக்குள் எமெட் காத்திருந்தான். ஜனங்கள் சிரித்தார்கள், ஒரு இடத்தில் எழுந்துகூடக் கத்தினார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. எண்ணிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

படம் முடிந்ததும் சிலரை மட்டும் முன்வரிசையில் இருக்கச் சொல்லி, கம்பெனி அனுப்பிய பெண் ஒருத்தி மைக்கோடு வந்தாள். கேள்வியை லாண்டவே எழுதிக் கொடுத்திருந்தார்.

"வீரனுக்குத் துணையா இன்னொரு பாத்திரம் வருதே. அந்தத் துணைப் பாத்திரத்தைப் படத்திலருந்து எடுத்துடலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. ஒன்றுகூடக் கீழே இல்லை.

வாசலுக்குப் போய் அந்தக் கார்க் கண்ணாடியைத் தட்டப்போவது ரோன்டாதானே.

ஹாம் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். "மனசுல வச்சுக்காதே. சில விஷயம் காகிதத்தோட நின்னுடணும்."

லாண்டவ் பேனாவை மூடினார்.

"ஏன் வேணாம்னு யாராவது சொல்ல முடியுமா?" என்றாள் மைக்குக்காரப் பெண்.

சூப்பர் மார்க்கெட் சீருடையிலேயே வந்திருந்த ஓர் அம்மாள், வாயில் இருந்த பாப்கார்னை மென்று விழுங்கிவிட்டு எழுந்தாள்.

"சின்னப் பையன் தனியாவே எல்லாரையும் அடிச்சுப் போட்டுடறான். அவன் பின்னாலயே ஓடிவந்து அடி வாங்குறாரே, அந்த நீள மூக்கு வச்ச பெரியவர், அவரைத்தானே கேக்கறீங்க? பாவம், வீட்டுக்கு அனுப்பிடுங்க."

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பயமில்லாமல் முன்னே ஓடட்டும். பெரியவர்கள் மூச்சு வாங்காமல் பின்னே வந்து சேரட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே மேசையில் இருக்கட்டும், என் செல்லங்களே.