ஆடாதே அண்ணாச்சியும் நரிக்குடிக் கிடாக்களும்

அருப்புக்கோட்டையில் முப்பது வயதைத் தாண்டிய எவருடைய பழைய போட்டோவையும் எடுத்துப் பாருங்கள். முகத்தில் ஒரு திகில் இருக்கும். அத்தனை திகிலுக்கும் காரணம் ஒரே ஆள்தான்: ஆடாதே அண்ணாச்சி.

அவருடைய உண்மைப் பெயர் எனக்கும் தெரியாது. என் ஸ்டேஷனரி கடைக்கு அடுத்தது அவர் ஸ்டூடியோ. நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததும், "ஆடாதே!" என்று ஒரு கத்து கத்துவார். ஒரு கல்யாண மேடையில் அப்படிக் கத்தியபோது மேளம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை தாலியும் கையுமாக உறைந்து நின்றார். "ஒங்களச் சொல்லலப்பா, நீங்க கட்டுங்க" என்று அண்ணாச்சியே சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது. அவரவர் முகத்தை அவரவரே எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் காலையில் அண்ணாச்சி என் கடைக்கு வந்து, "ஸ்டூடியோவக் காலி பண்ணப் போறேன் தம்பி. நாலு நாளா ஒரு மொகத்தப் பாக்கல" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

எதிர்ப்பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜமால் பாயிடம் ஓடினேன். பாளையம்பட்டியிலிருந்து இட்லிப்பொடி செய்து வாட்ஸ்அப்பில் விற்கும் முத்துலட்சுமியும் அங்கே இருந்தார். பாய்தான் வழி சொன்னார்: "நரிக்குடியில எம் மச்சான் ஆடு வளக்குறான். பக்ரீத்துக்கு வளைகுடாவுல இருக்குறவுக போட்டோவப் பாத்துத்தான் கிடாவுக்கு ஆர்டர் சொல்றாக. இவன் எடுக்குற போட்டோவுல எல்லாம் கரிமூட்டை மாதிரி தெரியுது."

மூவருமாகப் போய்ச் சொன்னதும் அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. "மனுசனப் புடிச்ச கையி, ஆட்டப் புடிக்கணுமா?"

"மனுசன் வரலையே அண்ணாச்சி. ஆடாவது ஒங்களத் தேடுதுல்ல" என்றார் முத்துலட்சுமி.

நீலத்திரை, குடைவிளக்கு, பவுடர் டப்பா சகிதம் பாயின் லோடு வண்டியில் நரிக்குடி போனோம். முதல் கிடாவை நிறுத்தினார். பவுடர் போட்டார். வழக்கம்போல, "ஆடாதே!" என்று கத்தினார். மந்தை மொத்தமும் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட்டது.

"ஆடுன்னா ஆடத்தானங்க செய்யும்!" என்று கத்திக்கொண்டே பாயின் மச்சான் அவற்றின் பின்னால் ஓடினார்.

பிடித்து வந்து எடுத்து முடிக்க மத்தியானமாயிற்று. பிரிண்டைப் பார்த்த பாய் தலையில் கைவைத்தார். எல்லாம் பாஸ்போர்ட் சைஸ். இரண்டு காதும் தெரிய, நேரே பார்க்கும் கிடா முகங்கள்.

"அண்ணாச்சி, ஆடா வெளிநாடு போகுது? ஒடம்பக் காட்டுங்க!"

மறுபடி போனார். இந்தமுறை ஒவ்வொரு கிடாவும் மயிர் மினுங்க, ராஜா போல நின்றது. முத்துலட்சுமி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பக் கற்றுக்கொடுத்தார். அங்கேதான் வினை. வாடிக்கையாளர் ஒருவர், தன் மகனின் போட்டோவைப் பெண் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். அண்ணாச்சி அனுப்பியது கிடாவை. கூடவே தன் குரலில் ஒரு பதிவு: "வயசு ஒன்னரை. ரெண்டு பல்லு போட்டுருக்கு. எந்தத் தழையக் குடுத்தாலும் திங்கும். நேர்ல வந்து புடிச்சுப் பாத்துக்கோங்க."

விஷயம் தெரிந்ததும் அண்ணாச்சி ஆடிப்போனார். பையனின் போட்டோவை அனுப்பிவிட்டு, பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டார். அந்த மனிதர் சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது. "ரெண்டு போட்டோவும் பாத்தோம் அண்ணாச்சி. கிடாதான் லட்சணமா இருக்கு. இருந்தாலும் பையனயே முடிச்சுருவோம்."

அந்தக் குரல்பதிவு ஊரெல்லாம் பரவியது. கிடாவும் கூடவே பரவியது. காரியாபட்டியிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் ஆட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். அடுத்து பாயின் சேலைகள், முத்துலட்சுமியின் பொடி டப்பாக்கள், என் கடைப் பேனாக்கள் என்று எல்லாவற்றுக்கும் படம் எடுத்தார். காலி செய்யும் பேச்சு நின்றது. நன்றி என்று ஒரு வார்த்தை எங்களிடம் சொன்னதில்லை. 'ஒங்க பேனாவுக்கு மூஞ்சியே சரியில்ல தம்பி' என்றுதான் சொன்னார்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் கடை திறக்கவில்லை. வருகிறவர்களை வேறு கடைக்குப் போகவிடாமல், "அவுக நாளைக்கு வந்துருவாக, வேண்டியத எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று நாளும் அண்ணாச்சி என் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். பாய் சொன்னார்.

நான் போய்க் கேட்டதற்கு, "அங்கதாம்ப்பா நல்ல நெழலு" என்றார்.

என் கடை வாசலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில்தான்.