டர்னிப்புக்கு மரியாதை கற்றுக்கொடுத்தவர்

குதிரை வைத்திருப்பவர்கள் ஓர் இனம். குதிரை வைத்திருப்பவர்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் வேறோர் இனம். எண்ணிக்கையில் இரண்டாவது இனம்தான் எங்கேயும் அதிகம். முதல் இனத்துக்குத் தீனிச் செலவு உண்டு, இரண்டாவதுக்கு அதுகூடக் கிடையாது.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். முழங்கையை வேலியின் மேல்கட்டையில் ஊன்றி, ஒரு காலைக் கீழ்க்கட்டையில் தூக்கி வைத்து, மறு கையில் காபிக் குவளையோடு நிற்கும். வேலியைத் தாண்டி உள்ளே வராது. உள்ளே வந்தால் சாணியை மிதிக்க வேண்டும், குதிரையிடம் மிதி வாங்க வேண்டும். வெளியே நின்றால் அபிப்பிராயம் மட்டும் இருந்தால் போதும். ஒவ்வொரு வாக்கியத்தையும் "நான் சொல்றேன்னு நினைச்சுக்காத" என்று தொடங்கும். சொல்வது வேறு யாராம்?

அமெரிக்காவின் வெர்மாண்ட் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் வெண்டல் ட்ராஸ்க், வயது அறுபத்தெட்டு. முப்பது வருஷம், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் கணப்பு எண்ணெயை வீடு வீடாக வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்து ஓய்வு பெற்றவர். குதிரைக்கும் அவருக்கும் உள்ள உறவு என்னவென்றால், அவருடைய அப்பா இரண்டு வண்டிக்குதிரைகள் வைத்திருந்தார். வெண்டல் பன்னிரண்டு வயது வரை அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார் என்றால், பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அவருக்கு அடுத்த வீட்டுக்காரி மார்வா லிண்ட்க்விஸ்ட். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள், நாற்பத்து நான்கு வயது, எதிர்த்துப் பேசத் தெரியாதவள். அவளிடம் பதினான்கு வயது மட்டக்குதிரை ஒன்று இருந்தது. பீப்பாய் மாதிரி வயிறும் வெள்ளை உடம்பும் பிட்டத்தில் ஊதாச் சாயலில் ஒரு திட்டுமாக இருந்ததால், அதே நிறங்கள் கொண்ட உருண்டைக் கிழங்கின் பெயரான டர்னிப் என்பதே அதற்கும் பெயர்.

டர்னிப்புக்கு ஒரு வியாதி உண்டு. வசந்தகாலப் புல்லை அளவுக்கு மீறித் தின்றால் குளம்புகளுக்குள் வீக்கம் கண்டுவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஆறு வாரம் படுத்துக் கிடந்தது. கருணை ஊசி போட்டுவிடலாமா என்று மருத்துவர் கேட்கும் அளவுக்குப் போய்ப் பிழைத்து எழுந்தது. அன்று முதல் மே மாதம் முழுக்க ஒரே ஒழுங்கு. காலையில் ஏழு மணி முதல் இரண்டு மணி நேரம் மட்டும் மேய்ச்சல். காலைப் பேருந்தை விட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வரும் மார்வா, மூக்கைச் சுற்றிக் காதுகளுக்குப் பின்னால் பூட்டும் தலைக்கயிற்றை அதற்கு மாட்டி, சாலையைத் தாண்டி, புல் முளைக்காத மண் பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். தலைக்கயிற்றை நீட்டினால் டர்னிப் தானாகவே மூக்கை உள்ளே விடும், வேலைக்குப் போகிறவன் சட்டைக்குள் தலையை விடுவதுபோல.

இந்த வருஷம் மே மாதத் தொடக்கத்தில் மார்வாவின் அக்காவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. நாலு நாள் போய் இருக்க வேண்டியதாயிற்று. "நீ கிளம்பு, நான் பாத்துக்கறேன். குதிரை எனக்குப் புதுசா?" என்றார் வெண்டல். வாழ்க்கையில் முதன்முறையாக வேலிக்கு உள்ளே போனார். நாலு நாளும் ஒன்பது மணிக்கு டர்னிப்பைக் கொண்டுபோய்ப் பட்டியில் சேர்த்தார். அதில் குறை சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் மார்வா தலைக்கயிற்றோடு போனாள். டர்னிப் ஓடி வந்து அவள் கக்கத்தில் முகத்தை நுழைத்தது. தலைக்கயிறு மேலே வந்ததும் கழுத்தை வெட்டி உதறிக்கொண்டு, ஐந்து ஏக்கர் புல்லின் மறுகோடிக்குப் பாய்ந்தது. பின்னாலேயே போனாள். மறுபடியும் அதேதான். ஒரு மணி நேரம் போயிற்று. பீப்பாய்க்கு நாலு கால் முளைத்து ஓடினால் பேருந்து ஓட்டுபவளால் பிடிக்க முடியுமா?

வேலியில் முழங்கை தயாராக இருந்தது.

"நான் சொல்றேன்னு நினைச்சுக்காத மார்வா. அது உன்னைச் சோதிச்சுப் பாக்குது."

"பதினோரு வருஷமா என்னோட இருக்கு. இப்ப என்ன சோதனை?"

"நாலு நாள் விட்டுட்டுப் போனியே. மரியாதை போயிடுச்சு. நான் இருந்தப்ப அப்படி ஆட்டம் காட்டுச்சா? அசையலியே."

வெண்டல் கண்டுபிடித்த காரணம் முதல் நாள் மரியாதை. மறுநாள் அவள் அதன் கண்ணைப் பார்த்த விதம் தப்பு. குதிரையின் கண்ணைப் பார்க்காமல் தோளைப் பார்க்க வேண்டுமாம். அதற்கடுத்த நாள் தோளைப் பார்த்ததுதான் தப்பு. பிறகு வாளி நிறைய ஓட்ஸ் காட்டி இழுக்கச் சொன்னார். அது டர்னிப்புக்கு விஷத்துக்குச் சமம் என்று அவள் சொன்னதும், "நான் காட்டத்தானே சொன்னேன், குடுக்கவா சொன்னேன்" என்றார். தலைக்கயிறு மாட்டாமல், கழுத்தில் சும்மா ஒரு கயிற்றைப் போட்டு நடத்திப் பார்க்கலாமா என்று மார்வா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கழுத்துல கயிறா? அது நாய்க்குப் போடறது. ஒரு தடவை விட்டுக் குடுத்தா அப்புறம் அது உனக்கு எஜமானி."

அவள் போடவில்லை. ஊரில் உறுதியான குரலில் பேசும் ஒருவர் சொன்னால் நாம் கேட்கத்தானே செய்கிறோம்?

ஐந்து நாள் இப்படியே போக, டர்னிப் இரவும் பகலுமாகப் புல்லைத் தின்றது. திரும்பி வந்த ஐந்தாம் நாள் காலையில் மார்வா குனிந்து அதன் முன்னங்கால் குளம்பில் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. பழைய வியாதி திரும்புகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அந்த ஆறு வாரமும் கொட்டகையில் வைக்கோல்மேல் உட்கார்ந்து அதன் தலையை மடியில் தாங்கியவள் அவள்.

"வித்துடறது நல்லது," என்றார் வெண்டல். "கெட்டுப்போன குதிரை திருந்தாது. வியாழக்கிழமை ஏலத்துக்கு என் வண்டியிலயே ஏத்திட்டுப் போலாம்."

மார்வா தலைக்கயிற்றைத் தரையில் போட்டுவிட்டு, வெறுங்கையால் டர்னிப்பின் தாடையைச் சொறிந்தாள். நின்றது. கன்னத்தைத் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டது. நெற்றிமயிரை ஒதுக்கினாள், வலது காதை நீவினாள். சுகமாகப் பெருமூச்சு விட்டது. இடது காதுப் பக்கம் கை போனதும் தலையை வெடுக்கென்று தூக்கியது. காதின் அடியில் விரல் பட்ட அந்த ஒரு கணத்தில் மார்வாவுக்குப் பொருக்குத் தட்டிய காயம் ஒன்று தட்டுப்பட்டது. பிறை வடிவம். கட்டைவிரல் நகத்தின் அளவு.

அவள் மெதுவாக வேலிக்கு வந்தாள்.

"வெண்டல், அந்த நாலு நாளும் நீங்க எப்படி இதுக்குத் தலைக்கயிறு மாட்டுனீங்க?"

ஒன்பது நாளில் யாரும் அவரைக் கேட்காத கேள்வி. வெண்டலின் முகம் மலர்ந்தது.

"அப்படிக் கேளு. முதல் நாள் நான் கயிறை வீசுன வேகத்துல கொஞ்சம் முரண்டு பண்ணுச்சு. எங்கப்பா வழிதான். இடது காதை அடியில கப்புனு பிடிக்கணும். பிடிச்சு, கால் சுத்து திருகணும். அவ்வளவுதான், சிலை மாதிரி நிக்கும். நாலு நாளும் நின்னுச்சே. மரியாதைன்னா அது."

"எப்படிப் பிடிக்கணும்? இப்படியா?"

எதிர்த்துப் பேசத் தெரியாத மார்வா வேலிக்கு மேலாகக் கையை நீட்டி, வெண்டலின் இடது காதை அடியில் கப்பென்று பிடித்தாள். கால் சுற்று திருகினாள். காபி அவருடைய பூட்ஸில் கொட்டியது. அவர் சிலை மாதிரி நின்றார்.

"மார்வா, வலிக்குது."

"மரியாதை வருதா?"

"வருது, விடு."

விட்டாள். வெண்டல் கட்டையிலிருந்து காலை எடுத்து இரண்டடி பின்னால் போனார். விழுந்து கிடந்த குவளையை எடுத்துக் கொடுக்க அவள் கையை நீட்டியபோது, அவருடைய தலை தானாகவே பின்னால் வெட்டிக்கொண்டது. அதைப் பார்த்ததும் மார்வாவுக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து நாளில் முதல் சிரிப்பு.

அன்றே கழுத்தில் வெறும் கயிற்றைப் போட்டாள். டர்னிப் ஆட்டுக்குட்டி மாதிரி சாலையைத் தாண்டிப் பட்டிக்கு வந்தது. குளம்புகளுக்குக் குளிர்ந்த ஓடைத் தண்ணீர், தின்ன உலர்ந்த வைக்கோல். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் போயிருந்தால், தான் வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்றார்.

தலைக்கயிறு விஷயத்தில் மார்வா அவசரப்படவில்லை. காதுகளை உரசாதபடி, உச்சிப் பட்டையின் கொக்கியைக் கழற்றி, கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து பூட்டிப் பழக்கினாள். பூட்டுவாள், உடனே கழற்றுவாள், போய்விடுவாள். பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் நீட்டிய தலைக்கயிற்றை டர்னிப் முகர்ந்து பார்த்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மூக்கை உள்ளே விட்டது. பேருந்தில் நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்குக் கலங்காத மார்வா, அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றாள்.

வெண்டல் திருந்தினாரா என்று கேட்பீர்கள். மறுநாளே அவர் ஊர்க் கடையில் டோனட்டைப் பிட்டுக்கொண்டு நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "மார்வாவோட குதிரை விஷயம் தெரியுமில்ல? எல்லாம் காதுலதான் இருக்கு. நான் மட்டும் அன்னிக்குக் காதைப் பத்தி எடுத்துச் சொல்லலேன்னா அவ காரணத்தைக் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டா." யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வெண்டலை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது, பாதியிலேயே, "இந்தப் பெண் முதல் நாளே மருத்துவரைக் கூப்பிட்டிருக்க வேண்டாமா" என்று நினைத்தீர்களா? மட்டக்குதிரையைப் பத்தடி தூரத்தில்கூடப் பார்த்திராத நீங்கள், "நானாக இருந்தால்" என்று மனதுக்குள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினீர்களா? தொடங்கியிருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் யோசனையை மார்வாவுக்கு எழுதி அனுப்பிவிட வேண்டாம். குதிரைக்குக் குணமாகிவிட்டது.