ஸ்கோப் மாட்டிய மாப்பிள்ளை

மூன்றாவது முறையாகவும் ஸ்கோப் துப்பாக்கியிலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் விழுந்தபோது, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் காது மடல் வரை சூடேறியது. அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் வெட்கமாக இருந்தது.

துப்பாக்கி மாமனாருடையது. காற்றின் அழுத்தத்தில் ஈயக் குண்டை விசிறும் ஏர் ரைஃபிள். துப்பாக்கி சுடும் கிளப்பில் அவர் இருபது வருட உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை அங்கே போட்டி. முந்தாநாள் ரைஃபிளையும், குறி பார்க்க அதன்மேல் மாட்டும் புத்தம்புது ஸ்கோப்பையும் கொண்டுவந்து வைத்தார்.

"லென்ஸ் சமாசாரம் உங்களுக்கு அத்துப்படி. நீங்கதான் மாட்டித் தரணும், மாப்பிள்ளை."

கல்யாணமாகி எட்டு மாதத்தில் மாமனார் அவரை நம்பிக் கொடுத்த முதல் வேலை இது. மாமனார் வீட்டில் பல்பு மாற்றக்கூட அவரை விட்டதில்லை. 'எனக்குத் தெரியாது' என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாய், "இதெல்லாம் ஒரு வேலையா மாமா?" என்று சொல்லிவிட்டது.

துப்பாக்கியின் முதுகில் இரண்டு மெல்லிய பள்ளங்கள். அவற்றைக் கவ்வும்படி இரண்டு வளையங்களைப் பொருத்தி, வளையங்களுக்குள் ஸ்கோப்பைப் படுக்கவைத்து, ஸ்க்ரூக்களை இறுக்க வேண்டும். சொல்வதற்கு அவ்வளவுதான். வளையமோ கவ்வுவேனா என்றது.

மூக்குக்கண்ணாடிக்குப் போடும் குட்டித் திருப்புளியை எடுத்தார். அதன் நுனி ஒடிந்தது. ஸ்கோப் வந்த பெட்டியில் கிடந்த, ஸ்க்ரூ திருகும் வளைந்த சாவியைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். 'கிறீச்' என்றது.

"என்னங்க சத்தம்?" மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. மரை கழண்டுடுச்சு."

"ஸ்க்ரூவுக்கா, உங்களுக்கா?"

அவர் குனிந்து அடுத்த ஸ்க்ரூவைத் திருகினார்.

"தெரியலைன்னு அப்பாகிட்ட சொல்லிடுங்களேன். தலையையா வாங்கிடப் போறாரு?"

"தலையை வாங்கினாக்கூடப் பரவாயில்ல. மேலயும் கீழயும் ஒரு பார்வை பாப்பாரு பாரு, அதுதான் தாங்காது."

பிடிப்புக்காக வளையத்துக்குள் கறுப்பு டேப்பைச் சுற்றினார். சுற்று கனத்துப்போய் வளையம் மூடவில்லை. மூடவைத்தபோது ஸ்கோப்பின் உடம்பு நசுங்கியது. நசுங்கல் தெரியாமலிருக்க ஸ்கோப்பைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். உள்ளே பார்த்தால், குறி பார்க்கும் கூட்டல் குறி பெருக்கல் குறியாகியிருந்தது. அதை நிமிர்த்தப் போனால் நசுங்கல் வெளியே வந்தது. கடைசியில் பசையை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒட்டினார். அப்போதும் ஆட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிறு காலை கிளப்பில் நல்ல கூட்டம். மாமனார் கம்பீரமாகச் சாய்ந்து குறி பார்த்தார். தலை லேசாகச் சரிந்தது. உள்ளே தெரிந்த பெருக்கல் குறிக்கு ஏற்பச் சாய்த்திருப்பார். மாப்பிள்ளை தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார்.

முதல் குண்டு. ரைஃபிள் ஒரு உதறு உதறியது. மாமனாரின் இலக்கு அட்டையில் ஓட்டையே இல்லை. பக்கத்து ஆளின் அட்டையில், நடுப்புள்ளியை ஒட்டி ஒரு ஓட்டை.

"ரொம்ப நன்றி சார்!" என்றார் பக்கத்து ஆள். "மிச்சத்தையும் நீங்களே சுட்டுக் குடுத்துடுங்க."

இரண்டாவது குண்டு எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. மூன்றாவதில் ஸ்கோப் விருட்டென்று பின்னால் வந்து மாமனாரின் புருவத்தில் ஒரு முட்டு முட்டி, டேப் வால் தொங்க, தரையில் உருண்டு ஓடியது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மாப்பிள்ளைக்குப் பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. பிளக்கவில்லை. தூணை விட்டு முன்னால் வந்தார்.

"மாமா, எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். ஸ்க்ரூவும் போச்சு, ஸ்கோப்பும் நசுங்கிடுச்சு. எல்லாம் என் தப்பு. மன்னிச்சிடுங்க."

மாமனார் புருவத்தைத் தடவிக்கொண்டார். மேலும் கீழுமாகப் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"விடுங்க மாப்பிள்ளை! சின்னவங்க தப்புப் பண்றதும் பெரியவங்க பொறுத்துக்கிறதும் உலக வழக்கம்தானே. ஸ்கோப் மட்டும் ஒழுங்கா நின்னிருந்தா இன்னைக்குக் கப்பு நம்ம வீட்டுலதான்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. "எவ்வளவு பெரிய மனசு!" என்றார் ஒருவர். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது மாப்பிள்ளைக்கு. இப்படிப்பட்ட மனிதரையா ஏமாற்றினோம் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, ரைஃபிளை அள்ளிக்கொண்டு கிளப்புக்குப் பின்னாலிருந்த ரிப்பேர் அறைக்குப் போனார். கையெல்லாம் எண்ணெயாக ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை அவரிடமும் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்து, "எப்படியாவது இதைப் பழையபடி ஆக்கிக் குடுங்க. அவர் முகத்துல முழிக்கவே கூசுது" என்றார்.

மெக்கானிக் துப்பாக்கியின் முதுகை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அவரைப் பரிதாபமாக நிமிர்ந்து பார்த்தார்.

"பழையபடின்னா இதேதான் சார். போன வாரமே உங்க மாமனார் தானே ஸ்கோப்பை மாட்டிப் பாத்து, பள்ளத்தையெல்லாம் மழுங்கடிச்சுட்டுத்தான் இங்க வந்தாரு. 'இனிமே இதுல ஸ்கோப் மாட்டாதுங்க'ன்னேன். 'ஸ்கோப் மாட்டாட்டி என்னய்யா, ஆள் மாட்டாமலா போயிடும்'னு சொல்லிட்டுப் போனாரு!"